கவச வாகனமும் கொல்லன் பட்டறையும்

தகடூரை ஆண்ட அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுச் சொன்ன செய்தி புறநானூற்றின் 95ஆவது பாடலில் இருக்கிறது. உன் வேல்கள் நெய் பூசப்பட்டு, மாலை சூட்டப்பட்டுக் காவல் மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. படையின் வலிமையைக் கொல்லன் பட்டறையில் தேட வேண்டும் என்று, பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், அப்பாடலுக்கு நான் பொருள் கொள்வதுண்டு. இந்தியாவின் சக்கரக் கவச வாகனம் உருவான கதையும் அதையே சொல்கிறது.

கவச வாகனங்கள் பெரும்பாலும் இரு வகை. ஆவடியில் உருவான விஜயந்தா, அர்ஜுன் போன்ற டாங்கிகள் இரும்புச் சங்கிலிப் பட்டைகளின் மீது ஓடுபவை. பட்டை எடையைப் பரப்பித் தாங்குவதால் மணலிலும் சேற்றிலும் அவை புதைவதில்லை. ஆனால் பட்டை விரைவில் தேயும். நெடுந்தொலைவு கொண்டுசெல்ல ரயிலிலோ பெரிய இழுவை லாரியிலோ ஏற்றியாக வேண்டும். சக்கர வாகனமோ நெடுஞ்சாலையில் தானே ஓடிப் போய்ச் சேரும். எட்டுச் சக்கரங்களில் ஒன்றிரண்டு சிதைந்தாலும் நகரும். பராமரிப்புச் செலவும் குறைவு. மென்மணலில் திணறுவதுதான் அதன் குறை.

இதன் வடிவமைப்பு ஓர் ஓயாத பேரம். பாதுகாப்பைக் கூட்டக் கவசத்தைத் தடிமனாக்கினால் எடை கூடும். எடை கூடினால் வேகம் குறையும். நீந்தும் திறன் போய்விடும். இந்தப் பேரத்தில் கிடைத்த புத்திசாலித்தனமான விடைகளுள் ஒன்று, வண்டியின் அடிப்பகுதியைப் படகின் அடிப்பகுதிபோல் கூராக அமைப்பது. கண்ணிவெடி வெடிக்கும்போது அதன் விசை நேராக மேலே தாக்காமல் இரு பக்கமும் சிதறிவிடும். கண்ணிவெடிகளால் அவதிப்பட்ட தென் ஆப்பிரிக்காவின் காஸ்பிர் வாகனம் இந்த முறைக்குப் பெயர்பெற்றது. அதை இந்தியாவும் வாங்கியது; பின்னர் நம் மேடக் தொழிற்சாலையே கண்ணிவெடி தாங்கும் வாகனங்களைத் தயாரித்தது. தரையின் அதிர்ச்சி வீரரின் முதுகெலும்பைத் தாக்காதவாறு அமைந்த இருக்கைகளும், காற்று இறங்கினாலும் சில கிலோமீட்டர் ஓடக்கூடிய டயர்களும் இவ்வகை வாகனங்களின் மற்ற சிறப்புகள்.

மகாராஷ்டிரத்தின் அகில்யாநகரில் (முன்பு அகமதுநகர்) உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் வாகன ஆய்வகமும் டாடா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய எட்டுச் சக்கர வாகனம், நீரிலும் நிலத்திலும் செல்லக்கூடியது. ஒரே அடித்தளத்தின் மீது வீரர்களை ஏற்றிச் செல்லும் வண்டி, ஆம்புலன்ஸ் எனப் பல வகைகளை அமைக்கலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

இங்கே கவனிக்க வேண்டியது, டாங்கியை அரசு ஆலை செய்கிறது. சக்கரக் கவச வாகனத்தை லாரி தயாரிப்பவர்களும் செய்கிறார்கள் என்பது. இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றில் லாரித் தொழில் சேர்த்துவைத்த அறிவு இதற்கும் பயன்படும். 2021இல் விமானப் படைக்குக் குண்டு துளைக்காத இலகு ரக வாகனங்களை வழங்கியது, 1980 முதல் ஓசூரில் லாரி தயாரிக்கும் அசோக் லேலண்ட் நிறுவனம்தான். அதன் வடிவமைப்பு அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டினிடமிருந்து பெறப்பட்டது.

ஆனால் இந்தச் சந்தையில் ஒரு சிக்கல் உண்டு. விற்பவர் பலர், உள்நாட்டில் வாங்குபவர் அரசு ஒருவர்தான். டாடாவின் எட்டுச் சக்கர வாகனம் 2014இல் டெல்லி பாதுகாப்புக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதன் ஒரு வகை நம் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது 2022இல். அந்த வாகனத்துக்காகவே ஓர் ஆலை மொராக்கோவின் பெர்ரெஷித் நகரில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கண்காட்சிக்கும் ஆலைக்கும் இடையே 11 ஆண்டுகள். பெரிய நிறுவனம் அவ்வளவு காலம் காத்திருக்கும். பத்துப் பேரை வைத்துக் கடைசல் பட்டறை நடத்துபவர் காத்திருக்க முடியுமா?

இந்தக் கேள்வி தருமபுரிக்கு மிக நெருக்கமானது. 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. ஓசூருக்கும் சேலத்துக்கும் நடுவே, அதே நெடுஞ்சாலையில் நாங்கள் இருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். நெக்குந்தியில் டி.ஆர்.டி.ஓ. மையம் வரும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக இருக்கிறது. வந்தால் மகிழ்ச்சி. ஆனால் ஒரு மையம் வருவதால் மட்டும் ஒரு மாவட்டம் தொழில் மாவட்டமாகிவிடாது.

நாம் கேட்க வேண்டியவை வேறு. லாரிக்கும் கவச வாகனத்துக்கும் பொதுவான உதிரிபாகங்களைச் செய்யும் சிறு ஆலைகள் வேண்டும். ராணுவ ஆர்டர் நின்றாலும் லாரிச் சந்தை அவற்றைக் காப்பாற்றும். உதிரிபாகத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் கூடம் பக்கத்திலேயே வேண்டும். கவச எஃகைப் பற்றவைப்பது தனித்திறன். அதை நம் ஐ.டி.ஐ.க்களில் கற்பிக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த ஐந்தாண்டுகளில் என்ன வாங்கப்போகிறோம் என்பதை அரசு முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல வேண்டும்.

கண்காட்சியில் பளபளக்கும் வாகனத்தைப் பார்த்துப் பெருமைப்படுவதில் தவறில்லை. தொண்டைமானும் அப்படித்தான் பெருமைப்பட்டான். அதன் ஓர் அச்சையோ ஒரு மூட்டையோ செய்து பிழைக்கும் பட்டறை நம் ஊரில் இருக்கிறதா என்பதே தகடூர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி.