பொதுப்பணம் (9): தோண்டாத சுரங்கம்

பெருநிலத்தின் பாகான் ஆஜாமில் காரோடு இறங்கினால் பினாங்குத் தீவின் கர்னி டிரைவில் மேலே வரலாம் என்றார்கள். கடலுக்கு அடியில் 7.2 கிலோமீட்டர். 1985இல் ஒரு பாலம், 2014இல் இன்னொரு பாலம், அதற்கும் மேல் இது. 2013இல் பினாங்கு அரசு ஸெனித் கூட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது, தீவில் போடவேண்டிய மூன்று சாலைகளையும் சேர்த்து மதிப்பு 630 கோடி ரிங்கிட் சொச்சம். சாலைகளில் ஒன்றாவது வேலை கண்டது. சுரங்கத்துக்கு ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை.

மண் அள்ளாவிட்டாலும் ஆய்வுக்கும் வடிவமைப்புக்கும் கணக்கு உண்டு: சாலைகளையும் சேர்த்து 30.5 கோடி ரிங்கிட். தொகையைவிட, அதற்கு ஈடு கொடுத்த விதம்தான் என்னை உறுத்துகிறது. மாநில நிலத்தை எடுத்துக் கொடுத்தார்கள். ரொக்கமாகப் போயிருந்தால் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாவது நிற்கும். சட்டமன்றத்தில் எவராவது எழுந்து கேட்பார். நிலமாகப் போனால் 'அரசுக்கு ஒரு காசு செலவில்லை' என்று மேடையில் பேசலாம். பினாங்கில் கடலோர நிலத்தைவிட விலைபோகிற சரக்கு வேறு என்ன இருக்கிறது?

இனி வழக்குகள். லிம் குவான் எங் 2008 முதல் 2018 வரை முதலமைச்சர், நம் பாகான் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. 2016இல் சந்தை விலைக்குக் குறைவாகப் பங்களா வாங்கினார் என்று அவர்மேல் வழக்கு வந்தது. 2018 மே மாதம் மத்தியில் ஆட்சி மாறி அவர் நிதியமைச்சரானார். செப்டம்பரில் அரசுத் தரப்பு அந்த வழக்கைக் கைவிட்டது. 2020 பிப்ரவரியில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. ஆகஸ்டு 7ஆம் தேதி சுரங்க வழக்கு தொடங்கியது. இலாபத்தில் 10 விழுக்காடு கேட்டார், 33 லட்சம் ரிங்கிட் பெற்றார் என்று குற்றச்சாட்டு. 20 கோடிக்கு மேல் பெறுமான மாநில நிலம் தொடர்பாகத் தனிக் குற்றச்சாட்டுகள். எல்லாவற்றையும் அவர் மறுத்தார். ஆகஸ்டு 11ஆம் தேதி, நம் பட்டர்வொர்த் செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே அந்நியத் தொழிலாளர் தங்குவிடுதி வழக்கு. அவருடைய மனைவியும் அதில் சேர்க்கப்பட்டார்.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால், கோப்பு நகர்வது சாட்சியத்தாலா, புத்ராஜெயாவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதாலா என்று சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனாலும் அவசரப்பட்டு முடிவுகட்ட முடியாது. விடுதி வழக்கில் 2022இல் எல்லாரும் விடுதலையானபோது ஆட்சியில் இருந்தது அவருடைய எதிரணி.

இதையெல்லாம் கோர்த்துச் சொல்லியிருக்க வேண்டியவை பத்திரிகைகள். உத்துசான் நாளேடு லிம்மின் எதிரணியான அம்னோவின் கையில் இருந்தது. ஸ்டார் நாளேட்டுக்குப் பெரிய பங்குதாரர் அதே அணியின் ம.சீ.ச. அவர்களுக்கு லிம்மின் சுரங்கம் அல்வா. லிம்மின் பக்கமாவது ஒழுங்கா என்றால், மாநில அரசே 'புலேட்டின் முத்தியாரா' ஏட்டை நடத்தியது. தமிழிலும் வந்தது, இலவசம். அதில் சுரங்கம் வரப்போகிற வசந்தம். கட்சிக்காரர் நடத்தும் ஏட்டையும், நம் வரிப்பணத்தில் அச்சாகும் ஏட்டையும் நான் ஒரே தராசில் வைக்கமாட்டேன். இரண்டாவது கூடுதல் அநியாயம். திட்டத்துக்கும் நாமே கொடுக்கிறோம், அதைப் புகழ்வதற்கும் நாமே கொடுக்கிறோம்.

தமிழ்ப் பத்திரிகைகள் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். 1990இல் ம.இ.கா. கட்சியின் முதலீட்டு நிறுவனமான மைக்காவுக்கு ஒதுக்கிய ஒரு கோடி டெலிகாம் பங்குகளில் 10 லட்சம்தான் மைக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி 90 லட்சம் மூன்று நிறுவனங்களுக்குப் போனது. தோட்டத்துச் சேமிப்பை மைக்காவில் போட்ட குடும்பங்கள் பட்டர்வொர்த்திலும் உண்டு. தமிழ் நேசனோ அந்தக் கட்சியின் தலைவராக இருந்த சாமிவேலுவின் குடும்பப் பத்திரிகை. அதில் எந்தக் கேள்வி அச்சேறும், எது அச்சேறாது என்று வாசகருக்கே தெரியும். 2019இல் அதுவும் மூடப்பட்டது.

துணிந்து எழுதியவர்களுக்குக் கிடைத்தது வேறு. அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் விவகாரத்தை விடாமல் எழுதிய 'தி எட்ஜ்' ஏடுகளின் உரிமத்தை 2015 ஜூலையில் உள்துறை அமைச்சு மூன்று மாதத்துக்கு முடக்கியது. அதைப் பார்த்த மற்ற ஆசிரியர்கள் மறுநாள் எந்தத் தலைப்பைப் போடத் துணிவார்கள்?

இப்போது சுரங்கப் பேச்சு ஓய்ந்து, பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரலுக்குக் கடல் தாண்டி வரப்போகிற எல்ஆர்டி ரயில் பற்றிய பேச்சு. 2024இல் அதை மத்திய அரசு கையிலெடுத்தது. அதற்கு யார், எதைக் கொடுத்து, எந்த நிலத்தை ஈடாக வைக்கிறார்கள் என்ற பட்டியலை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ஆளுங்கட்சி எம்.பி.க்குக் கிடைத்து எதிர்க்கட்சி எம்.பி.க்குக் கிடைக்காத தொகுதி மானியம் பற்றி அடுத்த வாரம்.