மேடாகத் தெரியும் பள்ளங்கள்

இங்கிலாந்தின் வயல்வெளியைக் குளிர்கால மாலை வெயிலில் எடுத்த வான்படம் ஒன்றை, வடக்கு மேற்புறம் இருக்கும்படி மேசையில் விரித்துப் பாருங்கள். அதில் உள்ள பழைய கல்குழிகள் பள்ளமாகத் தெரியாது. சிறு சிறு மேடுகளாகப் புடைத்து நிற்கும். அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் எப்போதும் தென்புறம் சாய்ந்தே காய்வதால் குழியின் தென்விளிம்பில் நிழலும் வடவிளிம்பில் வெளிச்சமும் விழும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று பழகிப்போன நம் மூளை அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறது. அதனால் படத்தைப் படிப்பவர்கள் அதைத் திருப்பி, நிழல் தங்களை நோக்கி விழும்படி வைத்துக்கொள்வார்கள். மேடுகள் சட்டென்று குழிகளாகிவிடும். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுத்தடுத்து எடுத்த இரு படங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது: கண்ணுக்கு ஒரு படமாக இரண்டையும் சேர்த்துக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பில் ஆழமே கண்முன் தெரியும்.

நார்ஃபோக்கில் உள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் நின்று பார்த்தால் புல் மூடிய மேடுபள்ளங்கள்தான் தெரியும். வானத்திலிருந்து பார்த்தாலோ, நிலவின் முகத்தைப் போல நானூற்றுக்கும் மேற்பட்ட குழிகள். சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன் மான்கொம்பையே கடப்பாரையாக வைத்துச் சிக்கிமுக்கிக் கல் எடுக்கத் தோண்டிய சுரங்கங்கள் அவை. சில 12 மீட்டருக்கும் மேல் ஆழமானவை. 1868இல் வில்லியம் கிரீன்வெல் என்ற பாதிரியார் ஒரு குழியைத் தோண்டத் தொடங்கிய பிறகே உண்மை தெரிந்தது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எந்தக் காலம், எதற்காக என்ற கேள்விகளுக்கு மண்வெட்டிதான் பதில் சொல்ல வேண்டும்.

கல்குவாரிக்கு அடையாளம் குழி மட்டுமல்ல. வெட்டிய கல்லை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக ஒரு பக்கம் சரிவுப்பாதை இருக்கும்; எதிர்ப்பக்கம் செங்குத்தாக வெட்டிய முகம்; சுற்றிலும் உதவாத கல்லைக் கொட்டிய குவியல்கள். பீட்டர்பரோ, ஈலி தேவாலயங்களுக்குச் சுண்ணாம்புக்கல் தந்த பார்னாக் குவாரியில் கி.பி. 1500 வாக்கில் நல்ல கல் தீர்ந்துபோனது. குவியல்களால் நிலம் கரடுமுரடாகிவிட, அங்கே யாரும் ஏர் ஓட்டவில்லை. இன்று அது அரிய காட்டுப்பூக்களின் காப்பகம். கூகுள் வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.

தூர்த்துச் சமப்படுத்திய குழிகளைக் கண்டுபிடிப்பதுதான் சுவாரஸ்யமான வேலை. நிழல் விழ அங்கே பள்ளமே இல்லை. ஆனால் குழியை நிரப்பிய மண் ஆழமானது, ஈரத்தைப் பிடித்து வைப்பது. மழை பொய்த்த கோடையில் சுற்றியுள்ள பார்லி பழுத்து வெளிறும்போது, குழியின் மேல் நிற்கும் பயிர் மட்டும் உயர்ந்து, பச்சையாகவே இருக்கும். முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து வேவு பார்த்த ஓ.ஜி.எஸ். க்ராஃபோர்டு, பின்னர் இந்தத் தடங்களைப் படிப்பதை ஒரு துறையாகவே வளர்த்தார். அலெக்ஸாண்டர் கீலருடன் சேர்ந்து 1928இல் அவர் வெளியிட்ட வான்படத் தொகுப்பு இத்துறையின் முன்னோடி நூல். உழவருக்கு வயிற்றெரிச்சலான வறட்சி ஆண்டு, இவர்களுக்கு அறுவடைக் காலம்!

ரோமானியச் சாலைகளின் ஓரத்தில் இந்தப் பச்சைப் பொட்டுகள் வரிசையாக வரும். சாலைக்கு வேண்டிய சரளையை அங்கங்கே பக்கத்திலேயே தோண்டிக்கொண்டார்கள். பின்னாளில் ஏர்பட்டுச் சாலை கரைந்துபோன இடத்திலும் குழிகளின் வரிசை அது சென்ற வழியைச் சொல்லிவிடும். தனியாக ஒரு பொட்டு கிடைத்தால் நான் நம்பமாட்டேன். வரிசையாக நின்றால் நம்பலாம்.

ஏமாற்றும் குழிகளும் உண்டு. சுண்ணாம்பு நிலம் தானாகவே உள்வாங்கிய பள்ளங்களில் சரிவுப்பாதையும் இராது, கல் குவியலும் இராது. இரண்டாம் உலகப் போரின் குண்டுக்குழிகள் வட்டமாக, சுற்றிலும் மண் எறியப்பட்ட விளிம்போடு இருக்கும். விமானம் பறந்த திசையில் தொடராகவும் வரும். சந்தேகம் தீராவிட்டால் பிரிட்டிஷ் அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அதில் ‘பழைய சரளைக்குழி’, ‘பழைய குவாரி’ என்று அச்சிட்டிருந்தால் குண்டு விழுந்த கதைக்கு இடமில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைப் ‘பழைய’ என்று எழுதிவைத்திருக்கிறார்களே!