பதினாலு வயதில் கம்பஸ்

இரண்டு வருடத்துக்கு முன், புரட்டாதி மாதம், கிளிநொச்சியில் இருக்கும் அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, மகள் கம்பஸுக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று சொன்னோம். மற்றப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "என்ன பிள்ளையள் சொல்லுறியள்? அவளுக்குப் பதினாலு வயசெல்லே? ஏ.எல். எப்ப எடுத்தவள்?" என்று கேட்டா.

அம்மம்மா கேட்டதில் பிழையில்லை. எங்கள் ஊரில் கம்பஸ் என்றால் உயர்தரச் சோதனை என்ற ஒரே வாசல்தான். நாங்கள் இருவரும் அந்த வாசல்வரை போகவேயில்லை. 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது வன்னியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். பிறகு இடப்பெயர்வு, முகாம். புத்தகங்கள் எந்தப் பதுங்குகுழியில் விடுபட்டன என்றுகூட ஞாபகமில்லை. ஆகவே நியூயோர்க்குக்கு வந்து, மகள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, கொலிஜ் வளவுக்குள்ளேயே ஒரு ஹைஸ்கூல் இருக்கிறது, விண்ணப்பிக்கலாம் என்று ஒரு ஆசிரியை சொன்னபோது, எங்களை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம்.

ஏமாற்று இல்லை. இதற்கு இங்கே 'ஏர்லி கொலிஜ்' என்று பெயர். ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளை ஹைஸ்கூல் பாடங்களோடு கொலிஜ் பாடங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் படிக்கும். ஒவ்வொரு கொலிஜ் பாடத்துக்கும் கிரெடிட் உண்டு. ஏறக்குறைய 60 கிரெடிட் சேர்ந்தால் இரண்டு வருடக் கொலிஜ் பட்டம். நான்கு அல்லது ஐந்து வருடத்தில் ஹைஸ்கூல் சான்றிதழும் அந்தப் பட்டமும் சேர்ந்தே கைக்கு வரலாம். மகள் படிக்கும் இடத்தில் கொலிஜ் பாடத்துக்கு ஒரு சதமும் கேட்கவில்லை, புத்தகமும் பள்ளிக்கூடமே கொடுக்கிறது.

இந்த வழியைத் தொடக்கிய இடமும் குயின்ஸில்தான் இருக்கிறது. 1974 இல் லாகார்டியா கொமியூனிற்றி கொலிஜில் ஜனெற் லீபர்மன் என்ற பேராசிரியை 'மிடில் கொலிஜ்' ஹைஸ்கூலைத் தொடங்கினார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக அல்ல, படிப்பை இடையில் விட்டுவிடக்கூடிய பிள்ளைகளுக்காக. கொலிஜ் மாணவரோடு நடமாடினால் தாங்களும் படிக்கலாம் என்ற எண்ணம் வரும் என்று நினைத்தார். 1985 இல் அதே கொலிஜில், புதிதாக இந்த நாட்டுக்கு வந்து ஆங்கிலம் பழகும் பிள்ளைகளுக்கென்று இன்டர்நாஷனல் ஹைஸ்கூலும் தொடங்கியது. 2002 இல் பில் கேட்ஸின் அறக்கட்டளையும் வேறு சிலரும் பணம் போட்ட பிறகு இப்படியான பள்ளிகள் நாடெங்கும் பரவின. வட கரோலைனாவில் மட்டும் 100 க்கு மேல் இருக்கின்றன.

நாங்கள் வேலைக்குப் போகும் 7ஆம் இலக்க ரெயின் அந்தக் கொலிஜுக்குக் கிட்டத்தான் நிற்கும். கொலிஜின் பெரிய கட்டிடம் ஒன்று ஒரு காலத்தில் சன்ஷைன் பிஸ்கற் தொழிற்சாலை. ஆயிரம் ஜன்னல் பேக்கரி என்று அதற்குப் பட்டப்பெயர். அங்கே இப்போது பாடம் நடக்கிறது. நாங்கள் இன்னும் வேறொரு கட்டிடத்தில் பிஸ்கற் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மகள் சேர்ந்தது வேறு ஒரு கொலிஜ். பெயர் வேண்டாம். கோயிலில் விஷயம் தெரிந்ததும், "வளர்ந்த பெடியங்களோடை ஒரே வகுப்பிலை பொம்பிளைப்பிள்ளையை விடப் போறியளோ?" என்று கேட்டார்கள். எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரு நாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்தோம். முதல் வருடம் தன் வயதுப் பிள்ளைகளோடு ஹைஸ்கூல் பகுதியிலேயே வகுப்பு. இரண்டாம் வருடம் கொலிஜ் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர், பகலில் படித்து இரவில் பஸ் ஓட்டும் ஒரு பெண். பயம் அரைவாசி அங்கேயே போய்விட்டது.

ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பில் முதல் கொலிஜ் பாடம் தெரியும்போது, ஆங்கிலத்தில் தொடங்கச் சொல்லிப் பள்ளி ஆலோசகர் சொன்னார். நாங்கள் உயிரியல்தான் வேண்டும் என்று நின்றோம். டொக்டர் ஆசை, வேறென்ன. மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலில் மூன்று பேருக்குச் சொல்லியும் ஆயிற்று.

கொலிஜ் விரிவுரையாளர் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பதில்லை. கொப்பியில் கையெழுத்துக் கேட்பதும் இல்லை. ஐப்பசி முடிய ஒரு நாள் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வர, நள்ளிரவில் பிள்ளை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். இடைத்தவணைச் சோதனையில் 41. மூன்று கிழமையாக ஒளித்து வைத்திருக்கிறாள். "நீங்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டியள், அப்பா" என்றாள். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த நாள் இருவரும் பள்ளிக்குப் போனோம். மகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம் என்று சொன்னதும், தொலைபேசியில் தமிழ் பேசும் ஒருவரைப் பிடித்துத் தந்தார்கள். (நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள்.) அங்கேதான் விளங்கியது. கொலிஜ் பாடத்தில் எடுக்கும் புள்ளி, வயது பதினைந்தானாலும், கொலிஜ் பதிவில் நிரந்தரமாக இருக்கும். பின்னாளில் உதவிப் பணம் கேட்கும்போது தவறிய பாடங்களும் கணக்கில் எடுக்கப்படலாம். ஆனால் குறித்த திகதிக்கு முன் பாடத்தை விட்டு விலகினால் தவறியதாகப் போடாமல் 'டபிள்யூ' என்ற எழுத்தை மட்டும் போடுவார்கள். திகதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. விலக்கினோம்.

இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று ஒதுங்காதீர்கள். அகதி வழக்கு முடியாத பிள்ளைக்கு மத்திய அரசின் கொலிஜ் உதவிப் பணம் கிடையாது. ஆனால் விசா, வழக்கு நிலையைக் காட்டி எந்தப் பிள்ளையையும் பொதுப் பள்ளிக்கூடம் தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982 இல் தீர்த்திருக்கிறது. ஆகவே ஹைஸ்கூலில் இலவசமாக எடுக்கும் ஒவ்வொரு கிரெடிட்டும் எங்கள் போன்ற குடும்பங்களுக்குக் காசுதான். 2013 இல் வெளிவந்த ஒரு ஆய்வு, இப்படியான பள்ளிக்குப் போன பிள்ளைகளில் 100 க்கு 22 பேர் ஆய்வு முடிவதற்குள் கொலிஜ் பட்டம் எடுத்ததாகவும், விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்களில் 2 பேர்தான் எடுத்ததாகவும் சொல்கிறது.

எட்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்திலேயே விசாரிக்க வேண்டும், தை மாதம் கேட்டால் பிந்திவிடும். எடுத்த கிரெடிட்டை எல்லாக் கொலிஜும் ஏற்பதில்லை என்பதால், எங்கே செல்லும் என்றும் முதலே கேளுங்கள். முதல் பாடம் எது என்று பிள்ளையைக் கேளுங்கள், எங்களைப் போல கோயிலில் சொல்லிவிட்டுக் கேட்காதீர்கள்.

மகள் பிறகு ஆங்கிலமும் புள்ளிவிபரவியலும் எடுத்துச் சித்தியடைந்தாள். போன கிழமை, வரும் தவணைக்கு உயிரியலைத் தானே மறுபடி பதிந்துவிட்டு வந்து, பதிந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் அந்தப் புத்தகம்தான் இப்போது முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருக்கிறது. அம்மம்மா ஞாயிறு தோறும் "கம்பஸ் எப்படிப் போகுது?" என்று கேட்கிறா. டபிள்யூ பற்றி அவவுக்கு இன்னும் சொல்லவில்லை.