அலையை ஆர்டர் பண்ணி வாங்க முடியுமா?

கடலுக்கு அடியில மேடு கட்டினா, மேல நல்ல அலை கிடைக்குமா? இங்கிலாந்தின் போஸ்கோம்ப் கடற்கரை அதை நம்பி சுமார் 30 லட்சம் பவுண்டு செலவு பண்ணுச்சு. மணல் நிரப்பின 55 ராட்சதப் பைகளைக் கடலுக்குள்ள அடுக்கி, ஐரோப்பாவின் முதல் செயற்கை சர்ஃபிங் திட்டுன்னு 2009-ல் திறந்தாங்க. சர்ஃபர்கள் எதிர்பார்த்த நீளமான சவாரி கிடைக்கல. 2011-ல் பைகள் சேதமாகி, மூடியாச்சு.

லாஜிக் சிம்பிள். ஆழத்துல வேகமா வர்ற அலை, அடியில தரை மேடானதும் வேகம் குறைஞ்சு, உயரம் கூடி, உடையும். சர்ஃபருக்கு அது சவாரி. கரைக்கு அது கவசம். உடைஞ்ச அலைக்கு மணலை அரிக்கிற பலம் குறைவு. ஆனா நல்ல சவாரிக்கு அலை மொத்தமா ஒரே நேரத்துல உடையக் கூடாது, ஓரத்துல இருந்து வரிசையா உரிஞ்சுட்டே வரணும். மேட்டோட சரிவும் கோணமும் கொஞ்சம் பிசகினாலும் போச்சு. கடலே படுத்துக் கிடக்கிற நாள்ல எந்த மேடும் அலையை உருவாக்காது.

ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்ல உள்ள நாரோநெக் திட்டுக்கு முதல் வேலையே கரையில கொட்டின மணலைப் பிடிச்சு வைக்கிறதுதான், சர்ஃபிங் போனஸ். 1999-2000-ல் போட்டதைப் பின்னாடி புதுப்பிச்சு வெச்சிருக்காங்க. நம்ம புதுச்சேரியும் அந்த ரூட்தான். 2018-ல் ஆப்பு வடிவ எஃகுத் திட்டைக் கடலுக்குள்ள இறக்கினதும், வெறும் பாறாங்கல்லா கிடந்த கரையில திரும்ப மணல் சேர்ந்துச்சு.