டம்பெல்லா, மெஷினா?

டம்பெல், பார்பெல் ஒரு பக்கம். ஜிம்மில் வரிசையாக நிற்கும் மெஷின்கள் மறுபக்கம். இரண்டுக்கும் உள்ள முதல் வேறுபாடு எடை நகரும் பாதை. கையில் பிடித்த எடை எந்தப் பக்கமும் சாயலாம். சாயாமல் காப்பது தூக்குபவர் பொறுப்பு. மெஷினில் அந்தப் பொறுப்பைத் தண்டவாளமும் கப்பியும் ஏற்றுக்கொள்கின்றன. பேராக் மாநிலப் புந்தோங்கில் உள்ள கச்சான் பூத்தே கம்பத்தில் கடலை மூட்டையைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றுவது முதல் வகை. பேராக் ரப்பர் தோட்டங்களில் தோளில் சுமக்கும் காண்டாத் தடியின் இருபுறமும் பால் வாளி தொங்க மேடுபள்ளத்தில் நடந்ததும் அதே வகைதான். பால் தளும்பத் தளும்ப இடுப்பும் முதுகும் ஓயாமல் ஈடுகொடுக்க வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு நெம்புகோல் கணக்கு. 10 கிலோ டம்பெல்லை முழங்கை மடக்கித் தூக்கும்போது, முன்கை தரைக்கு இணையாக இருக்கும் இடத்தில்தான் சுமை உச்சம். அங்கிருந்து 60 பாகை மேலே போனால் எடை தரும் திருப்புவிசை பாதியாகிவிடும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆர்தர் ஜோன்ஸ் 1970இல் நாட்டிலஸ் மெஷின்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் கப்பி வட்டமாக இராது, சங்கு போல வளைந்திருக்கும்; தசை வலுவாக உள்ள கோணத்தில் சுமையைக் கூட்டி, தளரும் கோணத்தில் குறைக்கும்.

மெஷினில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 45 பாகை சாய்ந்த லெக் பிரஸில் 100 கிலோ ஏற்றினால் கால் தள்ளுவது ஏறக்குறைய 71 கிலோதான், தட்டின் சொந்த எடை தனி. நகரும் கப்பி ஒன்று இருந்தால் சுமை பாதியாகும். ஒரு ஜிம்மின் 50 கிலோ இன்னொரு ஜிம்மின் 50 கிலோ அல்ல.

கனடாவின் சஸ்காட்செவான் பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தண்டவாளத்தில் ஓடும் ஸ்மித் மெஷினைவிட வெறும் பார்பெல் ஸ்குவாட்டில் தசைகளின் மின்செயல்பாடு சராசரியாக 43 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பங்கேற்றவர்கள் ஆறே பேர் என்பதால் இதை வைத்து அதிகம் ஆடக் கூடாது. 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு அலசலில் இரு வகைக்கும் இடையே தசை வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. பலத்தில் மட்டும் எதில் பழகினார்களோ அதிலேயே முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. தசைக்கு வேண்டியது இழுவிசை. அது இரும்புக் குண்டிலிருந்து வந்தால் என்ன, கேபிளிலிருந்து வந்தால் என்ன?

மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கும் விளையாட்டு வீரருக்கும் பார்பெல்லே பொருத்தம். தடுமாறி விழ அஞ்சும் முதியவருக்கும், காயத்திலிருந்து மீள்பவருக்கும் மெஷின் நல்ல தொடக்கம். ஆனால் இருக்கையைச் சரிசெய்து, உடல் மூட்டு மெஷினின் சுழல் அச்சுக்கு நேராக வரும்படி அமர வேண்டும். குட்டையானவர்களுக்கு இது பல மெஷின்களில் எளிதில் அமைவதில்லை. பார்பெல் பெஞ்ச் பிரஸ் செய்பவர் பக்கத்தில் ஆள் இல்லாமல் படுக்கக் கூடாது. எதைத் தேர்ந்தாலும், வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.