படித்து முடித்த நர்ஸுக்கு இன்னும் என்ன படிப்பு?



ஒரு சேகரத்தில் ஆராதனை முடிந்ததும் வயதான சபையார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எங்கள் காணிக்கையில் மாணவிகளுக்கும் வேலை பார்க்கிற நர்ஸுகளுக்கும் புத்தகம் வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். நாலு வருஷம் படித்துப் பாஸானவர்களுக்கு இன்னும் எதற்குப் படிப்பு? இரண்டு கட்டில் வாங்கியிருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்விதான்.

படுக்கைப்புண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். பக்கவாதத்தாலோ இடுப்பெலும்பு முறிந்தோ அசையாமல் கிடக்கிறவருக்கு உடம்பின் பாரம் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் இறங்குகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. சில மணி நேரத்தில் தோல் சிவக்கிறது. கவனியாமல் விட்டால் எலும்பு தெரியுமளவுக்குப் புண்ணாகலாம்.

நான் ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு வந்த நாட்களில், காலை ஜெபத்துக்கு வார்டுக்குள் நுழையும்போதே ஸ்பிரிட் வாசனை வரும். இரண்டு மாணவிகள் நோயாளியை ஒருக்களித்துத் திருப்பி, சிவந்த இடத்தில் ஸ்பிரிட் தடவி, நன்றாகத் தேய்த்து, பவுடர் போடுவார்கள். தேய்த்தால் இரத்தம் ஓடும் என்பது அன்றைய பாடம். அத்தனை பரிவோடு செய்தார்கள். பார்க்கிற எனக்கு அதுவே ஒரு பிரசங்கம்போல இருந்தது.

இன்று அது கூடாது. சிவந்த இடத்தின் உள்ளே சதையும் சிறு இரத்தக்குழாய்களும் ஏற்கெனவே நைந்திருக்கக்கூடும். தேய்த்தால் இன்னும் சேதமாகும். படுக்கைப்புண்ணைத் தடுப்பதற்காகத் தேய்த்துவிட வேண்டாம் என்று 2009-ல் அமெரிக்க, ஐரோப்பிய வல்லுநர் குழுக்கள் சேர்ந்து வழிகாட்டி வெளியிட்டன. நேரம் வைத்துத் திருப்பிப் படுக்கவைப்பது, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவைப்பது, தோலை ஈரமில்லாமல் காப்பது, நல்ல ஆகாரம் கொடுப்பது இவையே வழி. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. நம்முடைய கறுத்த மேனியிலோ சிவப்பும் வெளுப்பும் லேசில் தெரியாது. ஆகையால் பக்கத்துத் தோலோடு சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டு ஒப்பிட வேண்டும்.

எங்களிடம் முப்பது வருஷம் டியூட்டி பார்த்த ஒரு சிஸ்டர் பழைய முறையில் கைதேர்ந்தவர். ஒருநாள் மூன்றாம் ஆண்டு மாணவி, "சிஸ்டர், புதுப் புத்தகத்தில் தேய்க்கக் கூடாது என்று போட்டிருக்கிறதே?" என்று கேட்டுவிட்டாள். வார்டே அமைதியானது. சிஸ்டர் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் லைப்ரரியில் உட்கார்ந்து வாசித்தார். மறுநாள் காலை ரிப்போர்ட் கொடுக்கும் நேரத்தில், எல்லார் முன்பாகவும், "அவள் சொன்னது சரி. இனி நானும் தேய்க்கமாட்டேன்" என்றார்.

பிறகு சிற்றாலயத்துக்கு வந்து, "ஐயா, இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்குக் கெடுதல் செய்தேனோ?" என்று என்னிடம் கேட்டார். இறையியல் கல்லூரியில் படித்த எதுவும் அப்போது எனக்குக் கைகொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். (அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.)

பெரியவர் கேட்ட படிப்பு இதுதான். நாலு வருஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது, சொல்லிக்கொடுத்ததும் மாறும். இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி முறை 2005-லும் 2010-லும் மாறியது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் கட்ட ஒரு நிமிஷமாவது பொறுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

ஆகவே எங்கள் ஆசிரியைகள் முதல் வருஷத்திலேயே ஒரு பழக்கத்தை உண்டாக்குகிறார்கள். ஒவ்வொரு மாணவியும் வாரம் ஒரு கேள்வியை வார்டிலிருந்து நோட்டில் எழுதிவர வேண்டும். பதில் தேடும்போது முதலில் புத்தகம் அச்சான வருஷத்தைப் பார்க்க வேண்டும். பிறகு பத்து நிமிஷம் வார்டு சிஸ்டர்களுக்கே அதை விளக்க வேண்டும். தமிழ் மீடியப் பிள்ளைகள் இங்கிலீஷ் புத்தகத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். அந்தப் பயம் அகராதியோடு உட்கார்ந்தால் தெளிந்துவிடும். "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று வாய்திறந்து சொல்லத்தான் வெகுநாளாகிறது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வீட்டிலுள்ள பழைய நர்ஸிங் புத்தகங்களைச் சிலர் அன்போடு பார்சல் அனுப்புகிறீர்கள். நன்றி, ஆனால் அவற்றை மாணவிகளின் அலமாரியில் வைக்க முடியவில்லை. அந்தத் தபால் செலவையே காணிக்கையாக அனுப்பினால் புதுப்பதிப்பு வாங்கிக்கொள்வோம்.