வெப்ப ஒத்தடம், குளிர் ஒத்தடம், நீவல்

வெப்ப ஒத்தடம், குளிர் ஒத்தடம், நீவல் ஆகியன இயன்முறை மருத்துவத்தில் வலி, தசை இறுக்கம், மூட்டு விறைப்பு ஆகியவற்றைக் குறைக்கப் பயன்படும் முறைகள் ஆகும். பிசியோதெரபி என்று பரவலாக அறியப்படும் இம்மருத்துவத்தில் இவை பெரும்பாலும் தனியாக அளிக்கப்படுவதில்லை. உடற்பயிற்சிக்கு உடலை ஆயத்தப்படுத்தும் துணைமுறைகளாகவே அமைகின்றன. எளியவையாகத் தோன்றினாலும், பொருந்தாத உடல்நிலையில் பயன்படுத்தினால் இவற்றால் தீப்புண், திசு உறைதல், உயிரிடர் ஆகியன நேரக்கூடும்.

வட்டார வழக்கு

சேலம், நாமக்கல் சமவெளியில் வறுத்த தவிடு, கல்லுப்பு அல்லது மணலைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதும், நொச்சி, ஆமணக்கு இலைகளை வதக்கிக் கட்டுவதும், எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பதும் வழக்கத்தில் உள்ளன. 1997 இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் சரக்குந்துத் தொழிலுக்கும், அதன் பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகள் விசைத்தறிக்கும் பெயர் பெற்றவை. நெடுநேரம் அமர்ந்து வண்டி ஓட்டுவதும், நின்றபடியே தறி பார்ப்பதும் இடுப்பு, கழுத்து, கால் வலிக்குக் காரணமாகலாம்.

வெப்ப ஒத்தடம்

வெப்பம் குருதிக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. தசையையும் தசைநாரையும் இளகச் செய்கிறது. எனவே நாட்பட்ட வலிக்கும் விறைப்புக்கும் இது ஏற்றது. புதிய அடி, வீக்கம், சீழ்க்கட்டு, குருதிக் கசிவு உள்ள இடங்களில் வெப்பம் வீக்கத்தை மிகுவிக்கும்.

தீப்புண் உண்டாவது வெப்பநிலை, நேரம் ஆகிய இரண்டையும் பொறுத்தது. 60 பாகை செல்சியசில் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். 44 பாகையில் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் அதே கேடு விளையும். ஆகவே இதமாகத் தோன்றும் வெந்நீர்ப் பையின் மேல் படுத்து உறங்குவதும் இடர் தருவதே. மருத்துவமனைகளில் 70 பாகைக்கு மேல் சூடேற்றிய ஈர வெப்பப் பொதிகளை 6 முதல் 8 மடிப்புத் துண்டுகளில் சுற்றி, 15 முதல் 20 நிமிடங்கள் வைப்பர். மெழுகுக் குளியலில் மெழுகு 52 முதல் 54 பாகையில் இருக்கும். மெழுகு வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், அதே வெப்பநிலையில் உள்ள நீரைவிட அதைத் தோல் தாங்குகிறது.

குளிர் ஒத்தடம்

குளிர் குருதிக் குழாய்களைச் சுருக்கி, நரம்புச் செய்திகளின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் வலி தணிகிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு மட்டும் ஏறத்தாழ 334 சூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆகவே பனிக்கட்டி குளிர்நீரைவிட வலிமையாகச் செயற்படுகிறது. உறைபெட்டியிலிருந்து எடுத்த கூழ்மப் பை சுழியப் பாகைக்கும் கீழே இருக்கும் என்பதால், அதை நேரடியாகத் தோலில் வைத்தல் கூடாது. ஈரத்துணியில் சுற்றி 10 முதல் 20 நிமிடங்கள் வைத்தால் போதும். முதலில் குளிர்ச்சி, பின்னர் எரிச்சல், உளைச்சல், இறுதியில் மரத்துப்போதல் என்ற வரிசையில் உணர்வுகள் தோன்றும். மரத்ததும் நிறுத்திவிட வேண்டும்.

காயத்திற்கு ஓய்வு, பனி, அழுத்தம், உயர்த்தல் என்ற நெறியை 1978 இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் பரப்பினார். பனி குணமாதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014 இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். எனவே இக்காலத்தில் பனி, தொடக்கத்தில் வலியைத் தணிக்கக் குறுகிய நேரம் வைக்கும் முறையாகவே பெரிதும் கருதப்படுகிறது.

நீவல்

நீவல் தசை இறுக்கத்தைத் தளர்த்துகிறது. எலும்பு முறிவு ஐயம், திறந்த புண், தொற்று, புற்றுநோய்க் கட்டி ஆகியவை உள்ள இடத்தில் நீவுதல் கூடாது. குருதி உறையாமைக்கான மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

நீண்ட பயணத்திற்குப் பின் ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், அது ஆழ்சிரைக் குருதியுறைவாக இருக்கலாம். அதைச் சுளுக்கு என எண்ணி உருவினால் குருதிக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரைப் பறிக்கக்கூடும். சரக்குந்து ஓட்டுநர்கள் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

உணர்விழப்பு

வெப்பத்தையும் குளிரையும் பயன்படுத்துவதில் முதன்மையான பாதுகாப்பு, நோயாளி சூட்டை உணர்வதே ஆகும். 1946 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமே அழுகுவதில்லை, உணர்விழந்த கைகளில் தெரியாமல் ஏற்படும் தீப்புண்களாலும் காயங்களாலுமே சிதைகின்றன என்று விளக்கினார். இதே நிலை நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டோருக்கும் பக்கவாத நோயாளிகளுக்கும் பொருந்தும். இதனால் சிகிச்சைக்கு முன், கண்களை மூடச் செய்து, வெந்நீரும் குளிர்நீரும் உள்ள இரு சோதனைக் குழாய்களைத் தோலில் தொடுவித்து உணர்வைச் சோதிப்பர்.

தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறை மருத்துவத்தை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. வீட்டில் ஒத்தடத்தைத் தொடர்வோர் குடும்பத்தாரே ஆதலால், கீழ்க்காணும் நெறிகள் அவர்களுக்கும் உரியவை.

பாதுகாப்பு நெறிகள்

* உணர்வு குறைந்த இடத்தில் வெப்பமோ குளிரோ வைத்தல் கூடாது.
* ஒத்தடப் பொருளை முதலில் கொடுப்பவர் தம் முன்கையில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.
* 5 நிமிடங்களுக்கு ஒருமுறை தோலைப் பார்க்க வேண்டும். கொப்புளம், வெளிறல், திட்டுத்திட்டான சிவப்பு ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்.
* வலிநீக்கித் தைலம் பூசிய இடத்தின் மேல் வெப்பம் வைத்தல் கூடாது.
* குளிரில் விரல்கள் வெளுப்போருக்கும், தோல் தடிப்போருக்கும் பனி ஒவ்வாது.

இவற்றையும் பார்க்கவும்

* இயன்முறை மருத்துவம்
* ஆழ்சிரைக் குருதியுறைவு
* தொழுநோய்